கிரவுன் பல்லில் பூசிய காவி

மூடியின் மேல் போல்ட் ஒன்றை மட்டும் கழற்றாமல், நாலு புரி தளர்த்தி விட்டுவைக்க வேண்டும். பிறகு கீழ்விளிம்பில் ஸ்குரூ டிரைவரை நுழைத்து மெல்ல நெம்ப வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் ஆயில் மொத்தமாகக் கொட்டாமல் ஓரமாக வடியும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் முகத்தைக் கொண்டுபோய் அதற்கு நேர் கீழே வைத்திருந்தேன்.

முதல் சொட்டு நெற்றியில் விழுந்தது. அடுத்தது கன்னம் வழியாக ஓடிக் காதுக்குள் இறங்கியது. பழைய கியர் ஆயிலின் வாடை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பட்டாசு வெடித்த இடத்தில் அழுகிய முட்டையை உடைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

"ஏட்டி சாந்தா, வாயத் தொறந்துராத!" என்று வண்டிக்கு வெளியே இருந்து என் கணவர் கத்தினார்.

வாயைத் திறக்காமல் எப்படிப் பதில் சொல்வது? காலை மட்டும் ஆட்டிக் காட்டினேன். களத்துச் சிமெண்டுத் தரையில் என் குதிகால் தட்டுவதைப் பார்த்து அவர் சிரித்தார். தோள்பட்டை எலும்பில் விரிசல் விழுந்து, வலது கையைக் கழுத்துத் துணியில் தொங்கப் போட்டிருந்தவர் அவர். சிரித்தால் வலிக்கும். சிரிப்பு பாதியிலேயே "யம்மா" என்று முடிந்தது.

எங்கள் பிக்கப் வண்டியின் கிரவுனை வீட்டிலேயே திறந்த வேலை இப்படித்தான் தொடங்கியது.

போன வாரம் கிணற்று மோட்டாரை நானே மேலே எடுத்துப் பிரித்ததைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "வண்டி வேலையும் பார்ப்பீர்களா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பார்த்திருக்கிறேன். அதுவும் சின்ன வேலை இல்லை.

ஊளை

பிக்கப் வண்டியின் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில், குடத்தைப் படுக்க வைத்தது போல ஓர் உருண்டை இருக்கும். எஞ்சினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியை அங்கேதான் குறுக்கே திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுக்கிறார்கள். உள்ளே முக்கியமாக இரண்டு பல்சக்கரங்கள். சின்னது பினியன், தட்டு மாதிரி பெரியது கிரவுன். எல்லாம் சேர்ந்ததற்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். எங்கள் பக்கத்தில் யாரும் அவ்வளவு நீட்டிச் சொல்வதில்லை. கிரவுன் என்றால் போதும், புரிந்துவிடும்.

எங்கள் தோட்டம் கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில். தென்னை, தக்காளி, கொஞ்சம் புடலை. விளைந்ததை ஏற்றி வேலந்தாவளத்துக்கும் பொள்ளாச்சிக்கும் கொண்டுபோக இந்த ஒரு வண்டிதான். பழைய வண்டியாக வாங்கியது.

அந்த வண்டி கொஞ்ச நாளாக ஊளையிட ஆரம்பித்திருந்தது. நாற்பதைத் தாண்டி ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் இருந்து ஒரு நீண்ட அழுகை. காலை எடுத்தால் நின்றுவிடும். ரிவர்ஸ் போட்டுக் கிளட்சை விட்டால் 'டொக்' என்று ஒரு அடி. சந்தைக்குப் போகும்போது ரோட்டோரம் நடக்கிற மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

அதற்குச் சில மாதம் முன்புதான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் உள்ளே பேரிங் மாற்றியிருந்தோம். திரும்ப அங்கேயே கொண்டுபோனோம். கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். "மொத்த செட்டும் போச்சு. மாத்தணும். சாமான் வர ரெண்டு வாரமாவது ஆகும்" என்றார். மூடியைக்கூடத் திறக்கவில்லை.

எங்களிடம் ரெண்டு வாரம் இல்லை.

மகன் வண்டி

என் கணவர் சுடலைமுத்துவின் ஊர் தேவிகுளம் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட். அவருடைய அம்மா பேச்சியம்மாள் அங்கே கொழுந்து கிள்ளியவர். அந்த மாதத்தோடு வேலையிலிருந்து ஓய்வு. எஸ்டேட்டில் வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் காலி செய்து கொடுத்துவிட வேண்டும். வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த வீடுகளில் ஒன்றில்தான் அவர் கல்யாணமாகி வந்தார், பிள்ளை பெற்றார், புருஷனைப் பறிகொடுத்தார்.

இனி எங்களோடு வந்து இருக்க ஒத்துக்கொண்டிருந்தார். போனில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"எம் மவன் வண்டி வந்தாத்தான் எறங்குவேன். வாடகை வண்டியில சாமானத் தூக்கிப் போட்டுட்டு, தொரத்தி வுட்டவ மாதிரி போவ மாட்டேன். பாத்துக்கோ."

அவர் கேட்டது எனக்கு வீம்பாகத் தெரியவில்லை. காலமெல்லாம் மற்றவர்களின் கொழுந்தை முதுகில் சுமந்தவர். ஊரைவிட்டு இறங்கும்போது தன் வீட்டு வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்று நினைப்பதில் என்ன தவறு?

ஆனால் அந்த வண்டி மறையூர் ஏற்றத்தில் நடுவளைவில் நின்றுபோனால்? கிரவுன் பல் உடைந்து பின்சக்கரம் இறுகிக்கொண்டால்? அதுவும் இறக்கத்தில், அவரும் சாமானும் வண்டியில் இருக்கும்போது? இந்த யோசனை வந்த அன்று எங்கள் இருவருக்குமே சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து இவர், தேங்காய் மூட்டை ஏற்றும்போது வண்டிமேலிருந்து வழுக்கி விழுந்து தோளை உடைத்துக்கொண்டார்.

பதினேழாம் நம்பர்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

கல்யாணத்துக்கு முன்பு இவர் தேவிகுளத்தில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். சுற்றுலா வருகிறவர்களை மேலே மேட்டுக்குக் கூட்டிப்போகும் ஜீப். எங்கள் ஊர் மகளிர் குழு ஒருதடவை மலைக்குப் போனபோது இவர் வண்டியில்தான் ஏறினோம். பாதி வழியில், கல்லும் சேறுமாக இருந்த இடத்தில் ஜீப் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ கழன்று ஆடியது.

அவர் அடியில் படுத்துக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டினார். "யாராச்சும் அந்தப் பையில இருந்து பதினேழாம் நம்பர எடுத்துக் குடுங்க."

பெண்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு அக்கா சுத்தியலை எடுத்தார். நான் பையைத் துழாவிப் பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். கை உள்ளே போனது. உடனே தலை வெளியே வந்தது.

"எந்த ஊரு?"

"கோவிந்தாபுரமுங்க."

"அங்கன பொம்பளையளுக்கு ஸ்பானர் நம்பரெல்லாம் தெரியுமோ?"

"மத்தவங்களுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியும்."

இதைச் சொல்லும்போது எனக்கிருந்த திமிரை நினைத்தால் இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் பம்புசெட், டிராக்டர், மருந்து தெளிக்கும் மிஷின் எதைப் பிரித்தாலும் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது நீங்கள் ஊகிப்பதுதான். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஆளும் வேறு, ஊரும் வேறு. என் அண்ணன் வேலுச்சாமி கல்யாணத்துக்கு வந்து ஓரமாக நின்றுவிட்டுச் சாப்பிடாமல் போனார். இவர் என்னை 'ஏட்டி' என்று கூப்பிடுவதைக் கேட்டு, "பொண்டாட்டிய இப்படியா மருவாதி இல்லாமக் கூப்புடறது?" என்று அம்மாவிடம் குமுறியிருக்கிறார். அவர்கள் பக்கத்தில் அது ஆசையாகக் கூப்பிடுவது என்று புரியவைக்க எனக்கு வருஷக்கணக்கானது. அண்ணன் தோட்டமும் எங்கள் தோட்டமும் ஒரே வேலிதான். பேச்சுவார்த்தை உண்டு. ஆனால் இவரை மட்டும் நேராகப் பார்த்து எதுவும் சொல்ல மாட்டார். எல்லாம் என் வழியாகத்தான் போகும்.

"உனக்கெதுக்கு இந்த வேலை?"

வண்டியைக் களத்துக்கு ஓட்டிவந்து நிறுத்தினேன். தேங்காய் காயப்போடும் களம் என்பதால் தரை சமமாக, கெட்டியாக இருந்தது. முன்சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிறவர்களுக்கு என் வீட்டில் காப்பிகூடக் கிடையாது.

அண்ணன் வேலியோரம் வந்து நின்றார்.

"அம்மிணி, உனக்கெதுக்கு இந்த வேலை? கிரவுனுன்னா என்ன மோட்டார் பம்புன்னு நெனச்சியா? நம்ம லாரி சும்மாதான நிக்குது. டிரைவரப் போட்டு அனுப்பறேன். சாமான ஏத்திட்டு வரச் சொல்லு."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதுவும் எனக்குத் தெரியும்.

"இல்லீங்ண்ணா. மாமியாளுக்கு எங்க வண்டிதான் வரோணுமாமா."

"வண்டி நடுக்காட்டுல நின்னுபோச்சுன்னா?"

"அதுக்குத்தானுங்ண்ணா தொறக்கறோம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். இவர் பெட்டிமேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "சத்தத்த வச்சுப் பாத்தா பினியன் பேரிங்காத்தான் இருக்கும்" என்றார். ஜீப் ஓட்டிய காலத்தில் இரண்டு மூன்று கிரவுன்களைத் திறந்தவர். அவர் சொன்னால் நான் தட்டிப் பேச மாட்டேன். ஆனாலும் பல்லைக் கண்ணால் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்வதாக இல்லை.

சக்கரங்களைக் கழற்றினேன். பிரேக் டிரம், அதற்குள் ஆக்சிலைப் பிடித்திருந்த நட்டுகள், எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சாக்குமேல் அடுக்கினேன். நீளமான ஆக்சில் இரண்டையும் உருவி எடுத்தபோது என் தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. அதற்கப்புறம்தான் மூடி. மூடியோடு அந்த எண்ணெய்க் குளியல்.

வலது பக்கம்

ஆயில் வடிந்து தீர்ந்ததும் டீசல் தொட்டுப் பல்லெல்லாம் கழுவினேன். இவர் இடது கையால் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, வலியோடு குனிந்து எட்டிப் பார்த்தார். கறுத்த குடத்துக்குள்ளே கிரவுன் வீல் பளபளவென்று மின்னியது. அதை முதல்முறை பார்த்தபோது எனக்கு ஏதோ ஒரு மரியாதையே வந்தது. இவ்வளவு நாள் நம் தேங்காயையும் தக்காளியையும் இழுத்துக்கொண்டு போனது இதுதானா என்று.

ஒவ்வொரு பல்லாக விரல் நுனியால் தடவினேன். எதிலும் உடைப்பு இல்லை. ஆயில் பிடிக்க அடியில் வைத்திருந்த வடித்தட்டில் மண்டி கொஞ்சம் இருந்தது. உலோகத் துண்டு கண்ணில் படவில்லை. பினியனைப் பிடித்து ஆட்டினேன், அசையவில்லை. அப்படியானால் அந்தப் பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்தால் 'டொக், டொக்' என்று அடித்தது. இரண்டு பல்லுக்கும் நடுவே இருக்க வேண்டியதைவிட அதிகமான இடைவெளி.

கிரவுன் வீலின் இரண்டு பக்கமும் பேரிங்கை ஒட்டி ஒரு திருகு வளையம் உண்டு. அதைத் திருகித்தான் சக்கரத்தைப் பினியன் பக்கம் நெருக்குவதும் விலக்குவதும். வைத்த இடத்திலிருந்து அந்த வளையம் தானாகத் திரும்பிவிடாமல் இருக்க ஒரு சின்னத் தகட்டைப் பூட்டு மாதிரி மாட்டி போல்ட் போட்டிருப்பார்கள். இடது பக்கம் விரலுக்கு அந்தத் தகடு தட்டுப்பட்டது. வலது பக்கம் எதுவும் இல்லை. வெறும் ஓட்டை.

"ஏனுங்க, இந்த வளையத்துக்குப் பூட்டு ரெண்டு பக்கமும் இருக்கோணுமுங்களா?"

"ரெண்டு பக்கமும் இருக்கணும்."

"வலது பக்கம் காணோமுங்க."

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"அப்ப பினியன் இல்லட்டி. வளையம் கழண்டு, கிரவுன் தள்ளிப் போயிருக்கு. பேரிங் மாத்துன பயலுவ தகட்ட மாட்டாமலே மூடிட்டானுவ."

"மாட்டியிருக்காங்க. சரியா முறுக்கலீங்க. ஓட்டைக்குள்ள பாருங்க, போல்ட் போட்ட புரி பளிச்சுனு இருக்குது. ஆடி ஆடிக் கழண்டு விழுந்திருக்கோணும்."

வடித்தட்டில் இருந்த மண்டியைத் துணியில் ஊற்றிப் பிழிந்தேன். சரியாக அந்தப் போல்ட் துணியில் கிடந்தது. தகடு மட்டும் இல்லை.

"போல்ட்டுதான் கெடச்சுருச்சே" என்றார். "தகடு அரைபட்டுப் பொடியாப் போயிருக்கும். புதுசு வாங்கிப் போட்டு மூடுவோம்."

"பொடியாப் போயிருந்தா பல்லுல தழும்பு இருக்கோணுமுங்க. ஒரு பல்லுலகூட இல்ல. அது முழுசா உள்ள எங்கியோதான் கெடக்குது. அதெடுக்காம நான் மூட மாட்டனுங்க."

அவருக்கு வலி ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். "எங்கன போயித் தேடுவ? அந்தக் குழாய்க்குள்ள காந்தம் வுட்டா இரும்புல ஒட்டிக்கிட்டு நிக்கும்." அவர் சொன்னது சரிதான். ஆக்சில் போகும் குழாய் முழுக்க இரும்பு.

நான் தோட்டத்துக்குப் போய் ஒரு துண்டு சொட்டுநீர்க் குழாயை வெட்டிக்கொண்டு வந்தேன். அதைச் சக்கரப் பக்கத்திலிருந்து ஆக்சில் குழாய்க்குள் நுழைத்து நடுக் குடம் வரைக்கும் விட்டேன். உள்ளே வந்த நுனியில் பழைய துணியைப் பந்தாகச் சுருட்டிக் கட்டினேன். ஆக்சில் குழாயை ஒட்டி இறுக்கமாகப் போகிற அளவுக்குப் பந்து. பிறகு சக்கரப் பக்கம் வந்து உட்கார்ந்து, மெதுவாக இழுத்தேன்.

இடது பக்கத்தில் கறுப்புச் சேறு மட்டும் வந்தது. வலது பக்கத்துக்குத் துணியை மாற்றிக் கட்டினேன். அண்ணன் அதற்குள் மறுபடி வந்து எனக்குப் பின்னால் நின்றிருந்தார். நான் கவனிக்கவில்லை. துணி பாதி தூரம் வந்ததும் ஏதோ உராய்வது கையில் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். கொழகொழவென்று சேறு வழிந்தது. அதன் பின்னாலேயே 'டிங்' என்று கீழே வைத்திருந்த தட்டில் ஒரு சத்தம்.

கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு தகடு. லேசாக வளைந்திருந்தது.

மூன்று பேரும் அதையே பார்த்தோம். அது குழாயிலிருந்து எப்போதாவது நடுக்குடத்துக்கு உருண்டு, பல்லுக்கு நடுவே சிக்கியிருந்தால்? இவர் முகம் வெளுத்திருந்தது.

"நான் மூடச் சொன்னேனே" என்றார் மெல்ல. அப்புறம் நல்ல கையால் என் எண்ணெய்த் தலையைப் பிடித்து ஆட்டினார். "எம்மாடி, நீ வுடாப்பிடிக்காரி!"

எனக்கு அழுகை வந்தது. வருத்தத்தில் வந்த அழுகை இல்லை அது.

அண்ணன் குனிந்து அந்தத் தகட்டை எடுத்தார். வேட்டி நுனியிலேயே துடைத்தார். வெள்ளை வேட்டி. புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இதே மாதிரிதான அம்மிணி வேணும்? போல்ட்டும் சேத்துக் குடு."

பைக்கை எடுத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போய்விட்டார்.

காவி

அண்ணன் திரும்பி வருவதற்குள் பேரிங் மூடிகளில் பஞ்ச் உளியால் புள்ளி குத்தினேன். இடதுக்கு ஒரு புள்ளி, வலதுக்கு இரண்டு. ஒன்றை ஒன்றின் இடத்தில் மாற்றிப் போட்டால் எல்லாம் பாழ்.

கோயமுத்தூரில் லேத் பட்டறை நடத்தும் என் சிநேகிதி, முந்தின நாளே டயல் கேஜைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தாள். கடிகாரம் மாதிரி முள் வைத்த அளவுகோல் அது. பல்லில் அதன் நுனியை வைத்துச் சக்கரத்தை அசைத்தால் எவ்வளவு ஆட்டம் இருக்கிறதென்று முள் காட்டும். இரண்டு தலைமுடி சேர்ந்த தடிமன் அளவு ஆட்டம்தான் இருக்கலாம். எங்கள் வண்டியில் முள் அதைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது.

ஒரு பக்க வளையத்தை, அதன் விளிம்பில் வெட்டியிருக்கும் பல் கணக்கில், ஒரு பல் தளர்த்து, மறு பக்கத்தை ஒரு பல் இறுக்கு, அளந்து பார். மறுபடி தளர்த்து, இறுக்கு, அள. இதுதான் வேலை. சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. நெம்பி நெம்பி என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. ஒருமுறை அதிகமாக நெருக்கிவிட்டேன், சக்கரம் சுற்றவே மறுத்தது. "பதறாத. ஒரு பல்லு பின்னால வா" என்றார் இவர். வந்தேன். முள் சரியான இடத்தில் நின்றது.

ஆனால் அளவு மட்டும் போதாது. பல்லும் பல்லும் எந்த இடத்தில் பொருந்துகின்றன என்று பார்க்க வேண்டும். அதற்குச் சாயம் பூசிச் சுற்றிப் பார்ப்பார்கள். சாயம் எங்களிடம் இல்லை. பூஜை அறைத் தரைக்கு வாங்கிய காவிப் பொடி மிச்சம் இருந்தது. அதைக் கொஞ்சம் ஆயிலில் குழைத்தேன். மருதாணி பதத்துக்கு வந்தது. கிரவுன் பல் நாலைந்தில் பிரஷ்ஷால் பூசினேன்.

அதற்குள் அண்ணன் புதுத் தகடும் போல்ட்டுமாக வந்துவிட்டார். வந்தவர் போகவில்லை. சாயம் சரியாகப் பதிய வேண்டுமானால் கிரவுனை ஒருவர் கட்டையால் அழுத்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் முன்பக்கத்திலிருந்து சுற்ற வேண்டும். இவருக்கோ ஒரே கை. அண்ணன் சட்டையைக் கழற்றி வேலிமேல் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நான் வண்டிக்கு அடியில் படுத்துப் பினியனைச் சுற்றினேன்.

"மாப்ளே, இன்னும் அழுத்தோணுமுங்களா?" என்ற குரல் கேட்டது.

அண்ணன் இவரைத்தான் கேட்டார், நேராக.

"கொஞ்சம் அழுத்துங்க மச்சான். ஆ, அப்படித்தாம்" என்றார் இவர், தினமும் பேசிக்கொள்கிறவர்கள் மாதிரி.

வெளியே வந்து பார்த்தேன். காவி அழிந்து உலோகம் தெரிந்த இடம் பல்லின் வெளி ஓரமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்க வேண்டும். வளையத்தை ஒரு பல் நகர்த்தினேன். மறுபடி பூசி மறுபடி சுற்றினோம். இந்தமுறை ஒவ்வொரு பல்லின் நடுவிலும், கட்டைவிரல் ரேகை வைத்தது போல ஒரு சுத்தமான தடம்.

"இதுக்கு மேல ஒருத்தனும் வைக்க முடியாது" என்றார் இவர்.

தகட்டை மாட்டினேன். போல்ட்டை முறுக்கினேன். அண்ணன் ஒருமுறை முறுக்கினார். இவரும் இடது கையால் ஒருமுறை முறுக்கிப் பார்த்துத்தான் விட்டார். சாயத்தைக் கழுவி, பசை தடவி மூடியைப் போட்டு, ஆக்சிலும் சக்கரமும் பூட்டி, புது ஆயில் ஊற்றும்போது பொழுது சாய ஆரம்பித்திருந்தது.

கொல்லங்கோடு ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். நாற்பது. ஐம்பது. மிதித்தேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்துக் கேட்டார்.

"என்ன கேக்குதுங்க?"

"ஒண்ணுமே கேக்கலட்டி!"

டிரைவர் யார்?

இரண்டு நாள் கழித்து விடியலில் கிளம்பினோம். ஓட்டியது நான்தான். ஒரு கைக்காரர் எப்படி மலை ஏற்றுவார்? பொள்ளாச்சி, உடுமலை தாண்டிக் காட்டு ரோட்டுக்குள் நுழைந்தோம். சின்னார் செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினேன். இறங்கிப் பின்னால் போய்க் குடத்தின்மேல் கையை வைத்தேன். இளஞ்சூடு. கையை எடுக்காமல் வைத்திருக்க முடிந்தது. உள்ளே இறுக்கமில்லை என்று அர்த்தம்.

செக்போஸ்ட்காரர் என்னையும், கட்டுப் போட்ட இவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சேச்சியாணோ டிரைவர்?"

"டிரைவர் மட்டுமில்ல சாரே, மெக்கானிக்கும் இவதான்" என்றார் இவர். சொன்ன வேகத்தில் தோளை நிமிர்த்தி, மறுபடி "யம்மா" என்றார்.

மறையூருக்கு மேலே வளைவுகளில் இரண்டாவது கியரில் வண்டி முனகாமல் ஏறியது. தேயிலைச் சரிவுகள் தொடங்கியபோது ஜன்னல் வழியாகப் பச்சை இலை வாசனையோடு குளிர் வந்தது. இந்த ரோட்டில் இதற்கு முன்பு எத்தனையோ முறை இவர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்தது அதுதான் முதல்முறை.

லயத்து முன்னால் வண்டி நின்றதும் வரிசை வீடுகளிலிருந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். என் மாமியார் குளித்து, நல்ல புடவை கட்டி, மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கியதைப் பார்த்து எழுந்து வந்தார். என் கையைப் பிடித்துத் திருப்பினார். கொப்பளம் உடைந்து காய்ந்திருந்த உள்ளங்கையைப் பார்த்தார். மகன் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் போல.

"ஏளா, எல்லாரும் இங்கன வாங்க" என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார். "இந்த வண்டியோட வயித்தத் தொறந்து சரி பண்ணிப் பூட்டுனது யாருன்னு நெனைக்கிய? எம் மருமவ. இந்தா, கையப் பாருங்க."

என் கையை உயர்த்திக் காட்டினார், பரிசு வாங்கியவள் கையைக் காட்டுவது மாதிரி. கொழுந்து கிள்ளிக் காய்த்துப்போன கைகள் ஒவ்வொன்றாக வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தன. வெட்கத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்துக்கொள்ள எனக்கு மனமும் இல்லை.

பீரோ, கட்டில், பாத்திர மூட்டைகள், இரண்டு ரோஜாத் தொட்டிகள் எல்லாம் ஏறின. பக்கத்து வீட்டுக்காரர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். என் மாமியார் அழவில்லை. சாவியை எஸ்டேட் ஆளிடம் கொடுத்துவிட்டு வந்து, எனக்கும் மகனுக்கும் நடுவில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார். "எடு" என்றார்.

முதல் சில வளைவுகள் வரைக்கும் டேஷ்போர்டை இறுகப் பிடித்திருந்தார். கண் ரோட்டைவிட்டு அகலவில்லை. பாரம் ஏறிய வண்டி இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பிலேயே மெல்ல இறங்கியது. பின்னால் ஒரு சத்தம் இல்லை. அவர் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. அப்புறம் ஒரு வளைவில் அவர் தலை என் இடது தோளில் சாய்ந்தது.

அவர் தூங்கிவிட்டிருந்தார். முந்தின இரவு முழுக்க விழித்திருந்தாரோ என்னவோ.

இவர் பதறிப்போய், அம்மாவின் தலையைத் தன் பக்கம் நகர்த்தக் கையை நீட்டினார். வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன். மறையூர் வரும்வரைக்கும், தோள் அசையாமல் முழங்கைக்குக் கீழே மட்டும் அசைத்துக் கியர் மாற்றிக்கொண்டு வந்தேன்.